ராத்திரி ஒரு மணி நேரம்தான் கையில்: இப்போது என்ன விளையாடுகிறீர்கள்?

பத்துமணி_பூனை | திங்கள், இரவு 11.20

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மகள் தூங்க மணி பத்தாகிவிடும். மனைவிக்குக் காலை ஆறு மணி ஷிப்ட், அவளும் படுத்துவிடுவாள். பத்திலிருந்து பதினொன்று வரை ஹால் என்னுடையது. அதற்கு மேல் உட்கார்ந்தால் மறுநாள் மீட்டிங்கில் கொட்டாவி விட்டு மாட்டிக்கொள்கிறேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் விளையாடுவது ஹாலோ நைட்: ஸில்க்சாங். இதை 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். கையில் கிடைத்தது 2025 செப்டம்பர் 4 அன்று. அறிவித்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வெளியானபோது மகள் எல்கேஜி. வெளியான அன்று கடைத் தளங்களே கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டன, ஞாபகம் இருக்கிறதா? நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

இப்போது ஜனவரி. ஆட்டத்தில் வருகிற ஐந்து கோயில் மணிகளையும் அடித்துவிட்டு, லாஸ்ட் ஜட்ஜ் என்கிற பெரிய எதிரியின் வாசலில் ஒன்பது நாளாக நிற்கிறேன். சங்கிலியில் தூபக்காலைக் கட்டிச் சுழற்றுகிற ஆள், அவரேதான். கணக்கைக் கேளுங்கள். செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில் எழுந்து, காற்றில் மிதந்து, சுவரில் தாவி, அவர் வாசலுக்கு வந்து சேர என் வேகத்துக்கு ஒரு நிமிடம். சண்டை இரண்டு நிமிடம். ஆக ஒரு ராத்திரிக்கு இருபது முயற்சி. அதில் ஐந்தாறு முறை அவரைப் பார்க்கும் முன்பே வழியில் செத்துவிடுகிறேன்.

கஷ்டமாக இருக்கிறது என்று அழவில்லை. கஷ்டம் பிடிக்கும் என்றுதான் வாங்கினேன். ஆனால் ஒன்பது ராத்திரி, ஒன்பது மணி நேரம், அதே இடம். நீங்களெல்லாம் என்ன விளையாடுகிறீர்கள்? ஒரு மணி நேரத்தில் ஒரு அடியாவது நகர்ந்தோம் என்று படுக்கப் போக வைக்கிற ஆட்டம் ஏதாவது இருக்கிறதா?

கோலிசோடா | திங்கள், இரவு 11.31

பலாட்ரோ. அடுத்த கேள்வி?

வைகை_வாத்து | செவ்வாய், காலை 7.05

பூனையாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபது முயற்சியில் ஐந்து முறை வழியிலேயே சாகிறீர்கள் என்றால் பிரச்சினை நேரத்தில் இல்லை, அவசரத்தில். பழைய ஹாலோ நைட்டை விளையாடுவது போலவே ஸில்க்சாங்கையும் விளையாடுகிறீர்கள். அதில் ஒரு அடிக்கு ஒரு முகமூடி (உயிர்க் கணக்கு அதில்தான்) போகும், நின்று நிதானமாக ஒவ்வொன்றாக நிரப்பலாம். இதில் பெரிய ஆட்கள் அடித்தால் இரண்டு இரண்டாகப் போகும். ஆனால் பட்டு (எதிரியை அடித்துச் சேர்க்கிற சக்தி) நிரம்பியிருந்தால் ஒரே இழுப்பில் மூன்று முகமூடி திரும்பி வரும், அதுவும் காற்றில் இருக்கும்போதே. ஆட்டத்தின் தாளமே வேறு. பேராசைப்பட்டு இன்னும் ஒரு அடி அடிக்கலாம் என்று போகிறவனைத்தான் இந்த ஆட்டம் தண்டிக்கிறது.

இதற்கு ஈஸி மோட் கேட்டு ஒரு கூட்டம் கத்துகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. காரம் வேண்டாம் என்றால் ஆந்திரா மெஸ்ஸுக்கு ஏன் போகிறீர்கள்?

பத்துமணி_பூனை | செவ்வாய், காலை 9.40

ஈஸி மோட் நான் கேட்கவே இல்லையே. காரம் எனக்குச் சம்மதம். சாப்பாட்டு மேசைக்கும் கை கழுவும் இடத்துக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் ஓட விடுகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

(ஆபீஸில் இருந்து எழுதுகிறேன். மேனேஜர் வருகிறார்.)

மழைக்குருவி | செவ்வாய், இரவு 10.50

நான் கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 பாதியில் இருக்கிறேன். போன மாதம் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று பரிசு கொடுத்தார்களே, அதுதான். பரிசு கிடைத்ததால் வாங்கியவர்கள் வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வெட்கமில்லை.

கதை தெரியாதவர்களுக்கு: ஒரு ஓவியக்காரி ஆண்டுக்கு ஒரு முறை விழித்தெழுந்து பெரிய கல்தூணில் ஒரு எண்ணை எழுதுவாள். எண் வருடா வருடம் குறையும். அந்த வயதுக்காரர்கள் பூவிதழாக உதிர்ந்து காற்றில் போய்விடுவார்கள். ஆட்டம் தொடங்கும்போது அவள் எழுதுவது 33. எனக்கு வயது 34. அவர்கள் கணக்குப்படி இந்தப் பதிவை எழுதுவதற்கே எனக்கு உரிமை இல்லை.

முதல் அரைமணி நேரத்தில், துறைமுகத்தில், உதிரப் போகிறவர்கள் கழுத்தில் பூமாலையோடு நிற்பார்கள். விடைபெற. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சண்டை முறைவைத்துத்தான், நம் முறை வந்தால் நாம், அவர்கள் முறை வந்தால் அவர்கள். ஆனால் எதிரி அடிக்கும்போது சரியான நொடியில் பட்டனை அழுத்தினால் தடுக்கலாம், திருப்பி அடிக்கலாம். அந்த 'டங்' சத்தம் கேட்கிற சுகம் இருக்கிறதே! சோர்வாக இருக்கும் நாளில் நான் எளிதான ஸ்டோரி மோடுக்கு மாற்றிவிடுவேன், தெம்பு இருந்தால் திரும்ப ஏற்றிக்கொள்வேன். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வாத்து அவர்களே, இதனால் அந்த ஆட்டத்தின் கௌரவம் எங்கே குறைந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு குறை உண்டு, பெரிய குறை. உள்ளே நடக்கிற இடங்களுக்கு வரைபடம் கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழகு. பரீட்சைத் தாள் திருத்தும் வேலை வந்து மூன்று நாள் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் நான் எங்கிருந்து வந்தேன், எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்பதே தெரிவதில்லை. வந்த வழியிலேயே இருபது நிமிடம் நடந்து, திறந்த பெட்டிகளையே மறுபடி பார்த்து... ஒரு மணி நேரக்காரர்களுக்கு இது எச்சரிக்கை.

இசைக்கு மட்டும் தனிப் பதிவு போட வேண்டும். இணையத்தில் ஏற்றி வைத்திருந்த பாட்டுகளைக் கேட்டுத்தான் அந்த இசையமைப்பாளரைக் கண்டுபிடித்தார்களாம். அவருக்கு இதுதான் முதல் விளையாட்டு. நம்பவே முடியவில்லை.

வைகை_வாத்து | செவ்வாய், இரவு 11.15

தோழி, கௌரவம் குறையவில்லை. ஆனால் அந்த ஆட்டம் மூன்று கஷ்டப் படிகளையும் மனதில் வைத்துக் கட்டியது. ஸில்க்சாங் ஒரே படிக்காகக் கட்டியது. அதுவும் மூன்றே பேர் மையமாக இருக்கிற குழு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

சரி, வரைபடம் இல்லாத விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

கடைமடை | புதன், காலை 6.10

ஸ்டார்ட்யூ வேலி. மூன்றாவது முறையாக முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். யாரும் சிரிக்கக் கூடாது.

எங்களுக்கு நாகப்பட்டினம் பக்கம் நாலு மா நிலம் இன்னும் இருக்கிறது. அப்பா பார்க்கிறார். நான் சென்னையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ராத்திரி கம்ப்யூட்டரில் விவசாயம் செய்கிறேன். இதை அவரிடம் சொல்லும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

விவசாயி வீட்டுப் பிள்ளையாக இந்த ஆட்டத்தைப் பற்றிச் சில உண்மைகள். முதல் நாள் பதினைந்து பார்ஸ்னிப் (ஒரு கிழங்கு) விதை இலவசமாகத் தருவார்கள். நட்டு, தண்ணீர் ஊற்றினால் நாலே நாளில் அறுவடை. எங்கள் ஊரில் குறுவைக்குப் போடுகிற ஆடுதுறை 37, குறுகிய காலப் பயிர் என்று பெயர், அதற்கே 105 நாள். ஸ்டார்ட்யூவில் மழை பெய்தால் 'அப்பாடா, இன்றைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்று சுரங்கத்துக்குப் போய்விடலாம். கடைமடையில் கார்த்திகை மாதம் மழை பெய்தால் என்ன ஆகும் என்று ஆட்டத்தைச் செய்த அந்த எரிக் பரோனுக்குத் தெரியாது. விளைந்ததை வீட்டு வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினால் ஊர்த் தலைவரே ராத்திரியில் வந்து அள்ளிக்கொண்டு போய், காலையில் காசு கணக்கில் இருக்கும். ஈரப்பதம் பார்ப்பதில்லை. மூட்டையோடு வரிசையில் நாள்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. டிராகன், மந்திரவாதி எல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை. நான் பார்த்த கேம்களிலேயே மிகப் பெரிய கற்பனை அந்தப் பெட்டிதான்.

ஆனால் பூனையார் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆட்டத்தின் ஒரு நாள், காலை ஆறிலிருந்து ராத்திரி இரண்டு வரை, நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். தூங்கினால் சேவ் ஆகும். நாலு நாள் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பார்ஸ்னிப்புக்கும் நாலு நாள். ஆக, உங்கள் ஒரு மணி நேரத்தில் ஒரு போகம் எடுத்துவிட்டுப் படுக்கலாம்.

அவர் ஒருவராகவே நாலரை வருடம் உட்கார்ந்து செய்து 2016-இல் விட்டது இது. படம், இசை, வசனம் எல்லாம் அவரே. அதன் பிறகும் இலவசமாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். மழையைத் தவறாகப் புரிந்துகொண்டதற்காக மன்னித்துவிடலாம்.

மழைக்குருவி | புதன், காலை 7.30

"ஈரப்பதம் பார்ப்பதில்லை" என்ற வரிக்குப் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட் அம்மா முறைக்கிறார்.

ஸ்டார்ட்யூவில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. 'இன்னும் ஒரு நாள்' என்று சொல்லிச் சொல்லியே மணி ஒன்றாகிவிடும். தூங்கப் போனால்தான் சேவ் ஆகும் என்பதால் பாதியில் அணைக்கவும் மனம் வராது. மின்வெட்டு வந்தால் அன்றைய நாள் போச்சு. நிதானமான ஆட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கென்னவோ அது கடலை உருண்டை. கையை எடுக்க முடிவதில்லை.

கோலிசோடா | புதன், இரவு 10.05

முதல் பதிவில் ஒரே சொல்லில் முடித்ததற்கு மன்னிக்கவும், அப்போது ஆட்டத்தின் நடுவில் இருந்தேன். இப்போது விவரமாக.

பலாட்ரோ என்பது சீட்டு. போக்கர் கைகள்தான்: ஜோடி, ஒரே பூ, வரிசை. ஆனால் எதிரில் யாரும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இலக்கு. கைக்கு இவ்வளவு சிப்ஸ் (புள்ளி), அதைப் பெருக்க இவ்வளவு மல்ட். ஜோக்கர்களை வாங்கி அந்தப் பெருக்கலை ஏற்ற வேண்டும். மொத்தம் 150 ஜோக்கர், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். நாற்பது ஐம்பதில் தொடங்குகிற கணக்கு, ஜோக்கர் சேர்க்கை அமைந்துவிட்டால் லட்சத்துக்குப் போய் எண்கள் தீப்பிடித்து எரியும், நிஜமாகவே திரையில் எரியும். எட்டுப் படி தாண்டினால் வெற்றி. எனக்கு ஒரு ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம். போனிலும் வருகிறது. ரயிலில் நின்றுகொண்டே ஒரு கையால் ஆடலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிஜக் காசு ஒரு பைசா உள்ளே போடும் வழி கிடையாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறேன், பின்னால் அப்பா. எவ்வளவு நேரமாக நின்றார் தெரியாது. மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு விட்டே?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஆன்லைன் ரம்மியில் காசை இழந்தவர்கள் செய்தியெல்லாம் பேப்பரில் வரி விடாமல் படித்தவர். "சட்டம் போட்டு நிறுத்திட்டாங்கன்னு ஆகஸ்ட்ல படிச்சேனே, உன் போன்ல மட்டும் எப்படி ஓடுது?" என்கிறார். அம்மா அடுப்படியில் இருந்து வந்துவிட்டார். வங்கிக் கணக்கைத் திறந்து காட்டிய பிறகுதான் வீடு அடங்கியது.

அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவில் தரம் பிரிக்கிற அமைப்பே முதலில் இதைச் சூதாட்டப் படங்கள் என்று 18 வயதுக்கு மேல் என முத்திரை குத்தி, பிறகு 2025-இல் 12 என்று இறக்கியது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அப்பா பழைய ரம்மிக்காரர், கல்யாண வீட்டுச் சீட்டில் அவர் பெயர் தனி. மறுநாள் சாயங்காலம் வந்து, "அஞ்சு ஜோக்கரை மேலே வெச்சிக்கிட்டு ஆடறதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று ஆரம்பித்தார். இப்போது அவர் போனிலும் இருக்கிறது. ஒரே பூவைத் தவிர வேறெதுவும் ஆட மாட்டார். எட்டாவது படியைப் போன வாரம் தாண்டிவிட்டார். நான் தாண்ட மூன்று மாதம் ஆனது.

யாழ்_காவோலை | வியாழன், காலை 8.20

ஸ்காபரோவிலிருந்து வணக்கம். இங்கே வெளியில் சரியான குளிர், அதனால் வேலை முடிந்தால் வீட்டுக்குள்தான்.

நான் போன கிழமை முடித்தது வெண்பா. ஆச்சரியமாக இந்த இழையில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. 2023 ஜூலையில் வந்தது. செய்தவர்கள் எங்கள் டொரொன்டோவில் இருக்கிற விசை கேம்ஸ். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த ஒரு குடும்பம். தாய் வெண்பா, தகப்பன் பாவலன், பிறகு மகன் கவின். அம்மாவின் பழைய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறை பிடித்தும் இருக்கும். எழுத்து அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து நாங்கள் சமைக்க வேண்டும். அதுதான் புதிர். முதலாவது இட்டலி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்று யோசிக்க வேண்டும். எனக்கு முதல் தரம் சரிவரவில்லை. அம்மா பக்கத்தில் இருந்து, "இதுகூடத் தெரியாதா?" என்றா.

புட்டுக் கட்டம் வந்ததும் அம்மாவுக்குக் கோபம். எங்கட வீட்டில் புட்டு நீத்துப்பெட்டியில்தான், குழலில் இல்லை. "இது வேற ஆக்களின்ட புட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டா. ஆனால் மகன் வளர வளர வீட்டில் தமிழ்ப் பேச்சு குறைந்துகொண்டே வருகிற இடத்தில் திரும்பி வந்து நின்றா. ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஏழாம் வகுப்பில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்த ஆள்தான்.

2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக விளையாட்டுக்கான பரிசு கிடைத்தது இதற்கு. ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பத்துமணி அண்ணாவுக்கு இரண்டே இரவு.

லெவல்_கிராசிங் | வியாழன், மதியம் 1.10

ஒன்றரை மணி நேரத்துக்கு அந்த விலையா என்று யோசித்து நான் வாங்கவில்லை. ஸ்டீம் கடையில் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி, பதினான்கு நாளுக்குள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். முடித்துவிட்டுத் திருப்பிக் கேட்டால் என்ன தப்பு? விதி அப்படித்தானே இருக்கிறது?

யாழ்_காவோலை | வியாழன், மாலை 6.45

தம்பி, ஒருவர் வீட்டில் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பிறகு பிடிக்கவில்லை என்று சொல்லுவது போல இருக்கிறது. விதியில் இடம் இருக்கிறதுதான்.

மழைக்குருவி | வியாழன், இரவு 9.30

லெவல்_கிராசிங், சினிமாவுக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து, பார்க்கிங்குக்கும் பாப்கார்னுக்கும் கொடுத்து, வெளியே வந்து நிமிடக் கணக்கா போடுகிறோம்? எண்பது மணி நேரம் ஓடும் என்று விளம்பரம் செய்கிற ஆட்டங்களில் ஐம்பது மணி நேரம் அங்கிருந்து இங்கே மூட்டை தூக்குகிற வேலைதான். எனக்கு அந்த ஐம்பது மணி நேரம் மூட்டை தூக்கக் காசு கொடுப்பதில்தான் வயிறு எரிகிறது.

லெவல்_கிராசிங் | வியாழன், இரவு 9.52

சரி சரி, தள்ளுபடியில் வாங்குகிறேன். திருப்பிக் கேட்க மாட்டேன்.

பழைய_பென்டியம் | வெள்ளி, இரவு 10.15

எல்லோரும் புதுசு புதுசாகச் சொல்கிறீர்கள். நான் இன்றைக்கும் கிரிக்கெட் 07.

2006 நவம்பரில் வந்தது. அதற்குப் பிறகு அதைச் செய்த ஈஏ நிறுவனம் கிரிக்கெட் பக்கமே வரவில்லை. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. அணிகள், உடைகள், மைதானங்கள் என்று பேட்ச் போட்டுப் போட்டு இன்றைய வீரர்களை அதே பழைய உடம்புகளுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். முகம் சில சமயம் யாருடையது என்று அடையாளம் தெரியாது, பரவாயில்லை, சட்டையில் பெயர் இருக்கிறது. என் பழைய டப்பாவில் ஓடுகிற ஒரே கிரிக்கெட் இதுதான்.

பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, இரண்டு பேர் ஒரே கீபோர்டின் இரண்டு முனையில் கை வைத்து ஆடியது. தோள் இடிக்கும். தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். நான் பெரும்பாலும் எழுந்த கட்சி.

இன்றைக்கு ஐந்து ஓவர் ஆட்டம் ஒன்று, அரை மணி நேரம். முடிந்ததும் தூங்கிவிடுவேன். வர்ணனையில் ரிச்சி பெனாட் வருவார். அவர் 2015-இல் காலமாகிவிட்டார். என் வீட்டில் மட்டும் ராத்திரி பத்தரைக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தக் குரலுக்காகவே பேட்டை எடுக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். மற்றபடி ஆட்டத்தில் ஓட்டைகள் ஏராளம். ஒரு ஷாட்டின் நேரம் கைக்குப் பழகிவிட்டால் எந்தப் பந்து வீச்சாளரையும் சிக்ஸருக்கு அனுப்பலாம். நான் அதை அடிப்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்திருக்கிறேன். கடைசி ஓவரில் மட்டும் மீறுவேன்.

சிக்கன்டின்னர்_சேலம் | வெள்ளி, இரவு 11.48

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் ஒரு கல்லூரிப் பையன். நாங்கள் ஹாஸ்டலில் பிஜிஎம்ஐதான், பப்ஜி துப்பாக்கிச் சண்டையின் இந்திய வடிவம். 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை, 2021-இல் பிஜிஎம்ஐ என்று திரும்பி வந்தது, 2022-இல் அதையும் எடுத்தார்கள், 2023 மே மாதம் மறுபடி வந்தது. எங்கள் பள்ளிப் பருவமே இந்தக் காலண்டர்தான்.

ஒரு மணி நேரம் என்றால் எராங்கல் மேப்பில் இரண்டு மேட்ச். ஆனால் ஒரு பிரச்சினை, நிறுத்தி வைக்க முடியாது. கடைசி வட்டத்தில் நாலு பேர் மிச்சம் இருக்கும்போதுதான் வீட்டிலிருந்து அம்மா அழைப்பார். எடுத்தால் செத்தேன், எடுக்காவிட்டாலும் செத்தேன்.

வைகை_வாத்து | சனி, காலை 8.00

தம்பி, நிறுத்த முடியாத ஆட்டம் உங்களுடையது மட்டுமில்லை. எல்டன் ரிங்கைத் தனியாக விளையாடும்போதும் நேரடியாக நிறுத்தும் பட்டன் இல்லை. ஆனால் ஒரு குறுக்கு வழி உண்டு. மெனுவைத் திறந்து, உதவியில் 'மெனு விளக்கம்' என்பதைத் திறந்தால் உலகம் அப்படியே நின்றுவிடும். கொரியர்காரர் மணி அடித்தால் நான் அதைத்தான் செய்கிறேன்.

பூனையாருக்கு. நாலு நாளாக எல்லோர் எழுத்தையும் படித்துக்கொண்டிருக்கிறேன். என் முதல் பதிவைத் திரும்பப் படித்தால் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசியிருக்கிறேன். நான் தனி ஆள், ராத்திரி மூன்று வரை ஆடிவிட்டுப் பதினோரு மணிக்கு எழுந்தாலும் கேட்பாரில்லை. ஜட்ஜை நான் வென்றது நாற்பத்தைந்தாவது முயற்சியில், அதுவும் ஒரே ராத்திரியில். உங்கள் வாரக் கணக்கில் அது எத்தனை நாள் என்று இப்போதுதான் போட்டுப் பார்த்தேன்.

உருப்படியாக மூன்று விஷயம். ஜட்ஜ் காவல் காக்கிற கோட்டைக்குள் போக அவர் வாசல் மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். கிரேமோரிலிருந்து சின்னர்ஸ் ரோடு, அங்கிருந்து மூடுபனிக் காடு, அதன் வழியாகவும் நுழையலாம். அங்கே காவல் நிற்பது பாண்டம் என்கிற இன்னொரு எதிரி. அதுவும் லேசுப்பட்ட ஆளில்லை, ஆனால் பெஞ்ச் அவ்வளவு தூரமில்லை. மூடுபனியில் வழி தெரியாமல் சுற்ற வேண்டாம், நீடோலினை (நாயகி கையில் இருக்கிற இசைக்கருவி) வாசியுங்கள், பூச்சிகள் எழுந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும்.

இரண்டாவது, குறுக்காகப் பாய்கிற கீழ் அடி பழகவில்லை என்றால் வாண்டரர் கிரெஸ்ட்டை (அடிக்கிற பாணியை மாற்றுகிற சின்னம்) தேடி எடுங்கள். பழைய ஹாலோ நைட் மாதிரி நேராகக் கீழே குத்தும். மூன்றாவது, கையில் சேர்கிற ரோசரியை (ஆட்டத்தில் காசு, மணிகளாக வரும்) உடனே கோத்துவிடுங்கள். 80 கொடுத்தால் 60-க்கான மாலைதான் தருவார்கள், அநியாய வட்டி, ஆனால் செத்தாலும் மாலை போகாது.

எப்படியும் ஜட்ஜையே முடிப்பேன் என்றால், விழுந்ததும் பக்கத்தில் போய் நின்று கும்மாளம் போடாதீர்கள். வெடிப்பார். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பத்துமணி_பூனை | சனி, காலை 10.25

வாத்து அண்ணே, நன்றி. இன்னொரு வழி இருப்பதே தெரியாது. இரண்டு ராத்திரி பார்ஸ்னிப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். கடைமடை சொன்னது சரி, ஒரு மணி நேரத்தில் ஒரு போகம். லாபம் 300 தங்கம்.

கோலிசோடா | சனி, காலை 10.40

இவ்வளவு பேசுகிறோமே, ஜிடிஏ 6 நவம்பர் 19 என்று தேதி போட்டிருக்கிறார்கள். இன்னொரு முறை தள்ளிப்போகாமல் இருந்தால் இந்த இழைக்கே அன்றைக்குப் பூட்டுதான்.

கடைமடை | சனி, காலை 10.58

நவம்பர் எங்களுக்குச் சம்பா களை எடுக்கிற நேரம். ஜிடிஏ காத்திருக்கட்டும்.

பத்துமணி_பூனை | ஞாயிறு, இரவு 11.02

அறிக்கை. நேற்று ராத்திரி மூடுபனி வரை போய்விட்டேன். நீடோலின் வாசித்தால் பூச்சிகள் எழும் என்ற விஷயம் உண்மை. ஆனால் ஹெட்போன் வயர் இழுபட்டுக் கழன்று, சத்தம் ஸ்பீக்கரில் போய், மகள் எழுந்து வந்துவிட்டாள். "என்ன பாட்டு?" என்று மடியில் ஏறிக்கொண்டாள். பத்து நிமிடத்தில் அங்கேயே தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது, சண்டை ஒன்றும் போட முடியவில்லை.

இன்று காலை எழுந்ததும் "சிவப்புத் துணி பூச்சியைப் பாட்டு பாடச் சொல்லு" என்று ஒரே அடம், ஆட்டத்தின் நாயகியைத்தான் சொல்கிறாள். சண்டை போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள், பாட்டு மட்டும்தான் வேண்டுமாம். ஆகவே ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஆள் முன்னாலும் உட்கார்ந்து வாசித்தேன். பலபேர் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள்! நாலு மாதமாக இந்த ஆட்டத்தில் இருக்கிறேன், ஒருவர் முன்னாலும் நின்று வாசித்துப் பார்த்ததில்லை. சின்னதாக மணி வைத்துக்கொண்டு ஒரு பக்தர் வருவாரே, ஷெர்மா, அவர் பாட்டை இவள் மனப்பாடம் செய்துவிட்டாள். குளிக்கும்போதும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். மனைவி என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

வைகை_வாத்து | ஞாயிறு, இரவு 11.06

அதெல்லாம் இருக்கட்டும். பாண்டம்?

பத்துமணி_பூனை | ஞாயிறு, இரவு 11.07

இன்னும் பார்க்கவில்லை. ஜட்ஜும் அங்கேயேதான் இருக்கிறார். மணி பதினொன்று தாண்டிவிட்டது, படுக்கப் போகிறேன். நாளைக்கு மீட்டிங் ஒன்பதரைக்கு.